மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா: சுன்னாகத்தில் இருந்து ஒரு நீண்ட பாவனைக் குறிப்பு

2022 ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. விலையைக் கூடப் பொறுத்திருக்கலாம், காசு கையில் இருந்தும் செட்டில் (நிரப்பு நிலையத்தில்) பெற்றோல் இல்லாததுதான் கொடுமை. பிறகு எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் முறை வந்து மோட்டர் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றார்கள். சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு வேலைக்குப் போய்வரவே அது சரி. அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக, சந்தைக்குப் போக என்று வந்தால் சைக்கிளைத் தேடவேண்டும். இன்னொரு மோட்டர் சைக்கிள் எடுப்போம் என்றால் 2020 மார்ச்சோடு வாகன இறக்குமதியே நின்றுவிட்டது, பழசெல்லாம் வாங்கின விலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. அந்த நெருக்கடியில்தான் இந்த ஸ்கூட்டர் வீட்டுக்கு வந்தது. புதுத் தொழில்நுட்பத்தில் ஆசைப்பட்டு வாங்கியதாக இங்கே சொல்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

என்னுடையது 60 வோல்ட், 20 ஆம்பியர்-மணித்தியாலம், ஈய அமிலப் பற்றரி. 12 வோல்ட் பற்றரி ஐந்து தொடராக இருக்கும், எல்லாம் சேர்த்து முப்பது கிலோவைத் தாண்டும். ஒருதரம் முழுதாகச் சார்ஜ் ஏற ஏறக்குறைய ஒன்றரை யூனிட். புதிதில் அதில் ஐம்பது கிலோமீற்றர் ஓடியது, அதே தூரத்துக்குப் பெற்றோல் ஸ்கூட்டர் ஒரு லீற்றருக்கு மேல் குடிக்கும். ஆனால் விற்பவர்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. கரண்ட் பில் கட்டம் கட்டமாக ஏறுகிறது. மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்கிற வீட்டில் ஸ்கூட்டரைச் சொருகினால் அந்தக் கட்டம் தாண்டும், தாண்டினால் முதல் யூனிட்டில் இருந்தே வேறு விலை, நிலையான கட்டணமும் கூடும். கட்டணம் 2022 ஓகஸ்டில் 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் என்று ஏறியபோது பக்கத்து வீட்டில் ஸ்கூட்டர்தான் குற்றவாளிக் கூண்டில் நின்றது. கூரையில் சோலர் போட்ட வீட்டுக்காரருக்கு இந்தக் கவலை இல்லை, அவர்கள் பகலில் சார்ஜ் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார்கள்.

ஓட்டத்துக்குக் குறை சொல்லமாட்டேன். குடாநாடு முழுக்கத் தட்டை, ஏற்றம் என்று ஒன்று இல்லை, காங்கேசன்துறை வீதியில் சத்தமில்லாமல் போகலாம். (சத்தம் இல்லாததால் ஒழுங்கைக்குள் நாயும் விலகாது, ஆட்களும் விலகமாட்டார்கள், ஹோர்ன் அடித்து அடித்தே விரல் தேயும்.) ஒயில் மாற்றத் தேவையில்லை, பிளக் இல்லை, கார்பரேற்றர் இல்லை, கிளச் இல்லை.

இந்த 'இல்லை'களெல்லாம் எங்கள் கராஜ் அண்ணையின் வருமானம். தொண்ணூறுகளில் யுத்தகாலப் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் மோட்டர் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. கார்பரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோலை விட்டு உதைத்து, இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த வித்தையில் கைதேர்ந்தவர்தான் அண்ணை. என்னுடைய அப்பாவின் எம்டி 90 மோட்டர் சைக்கிள் இன்றைக்கும் ஓடுகிறதென்றால் அவர் கைராசிதான். ஸ்கூட்டரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, உதுக்கு நான் என்னத்தைச் செய்யிறது? பிரேக் ரைற் பண்ணித் தரட்டோ?" என்றார். பின்சில்லுக்குள்ளேயே மோட்டர் இருப்பதால் ரயர் மாற்றக்கூட வயரைக் கழற்றவேண்டும், அதைக்கூட அவர் விரும்பிச் செய்வதில்லை.

2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கொன்ட்ரோலர், அதாவது மோட்டருக்குப் போகிற கரண்டைக் கட்டுப்படுத்துகிற பெட்டி, செத்தது. வாங்கின இடத்தில் சாமான் கொழும்பில் இருந்து வரவேண்டும் என்று இழுத்தடித்தார்கள். கடைசியில் திருத்தித் தந்தது முன்பு ரிவி திருத்திக்கொண்டிருந்த ஒருவர். பெட்டியைத் திறந்தால் உள்ளே பசை ஊற்றி மூடியிருக்கிறது, அதைச் சுரண்டி எடுக்கவே அவருக்கு அரைநாள் போனது. பெற்றோல் செட்டுக்காரருக்கு இந்த ஸ்கூட்டர்களால் பெரிய அடி விழுந்ததாகத் தெரியவில்லை, இன்றைக்கும் காலையில் போய்ப் பாருங்கள். அடி வாங்கியது சேர்விஸ், ஒயில், பிளக் என்று சில்லறையாக வந்த காசு. அது கராஜை விட்டு பற்றரிக் கடைக்கும் சொல்டரிங் அயன் பிடிக்கத் தெரிந்தவருக்கும் போகிறது.

பற்றரிதான் இதன் உண்மையான விலை. இரண்டாம் வருஷத்தில் ஐம்பது கிலோமீற்றர் முப்பதாகச் சுருங்கியது, அப்புறம் திரும்பி வருவேனா என்று பார்த்துப் பார்த்து ஓடுகிற நிலை. கடைக்காரர் மீற்றரை வைத்துப் பார்த்தார்: நான்கு பற்றரி 12க்கு மேலே, ஒன்று மட்டும் 10.6. தொடராக இருப்பதால் அந்த ஒன்று மற்ற நாலையும் இழுத்து விழுத்துகிறது. அதை மட்டும் மாற்றினால் போதாதா என்று எல்லாரும் கேட்பார்கள். புதியதைப் பழசோடு போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும், ஐந்தையும் மாற்றினால்தான் சரி. பழசுக்கு நிறைபார்த்து ஏதோ தருவார்கள், மிச்சக் காசைக் கொடுக்கும்போது இவ்வளவு நாளாக மிச்சம் பிடித்த பெற்றோல் காசில் பெரும்பகுதி ஒரே தடவையில் போவது தெரியும். சார்ஜ் இறங்கிய நிலையில் நாள்கணக்காக விட்டால் இன்னும் கெதியில் போகும், வெளியூர் போகிறவர்கள் கவனிக்கவும்.

மின்தடை என்றால் 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை போனதை எல்லாரும் மறந்தாயிற்று. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு உபமின்நிலையத்துக்குள் பாய்ந்து நாடே இருண்டபோது என் ஸ்கூட்டரில் சார்ஜ் இரண்டு கட்டைதான் மிச்சம். அப்பாவின் எம்டி 90தான் கைகொடுத்தது.

அதே மாதம் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தது. அதற்குப் பிறகு மின்சார ஸ்கூட்டரை விற்றுவிட்டுப் பெற்றோலுக்குத் திரும்பினவர்களையும் தெரியும். நாளுக்கு முப்பது கிலோமீற்றருக்குள் ஓட்டம், சார்ஜ் போட வீட்டுக்குள் இடம், கிட்டத்தில் கொன்ட்ரோலர் திறக்கத் தெரிந்த ஆள், இந்த மூன்றும் இருந்தால் எடுங்கள். பருத்தித்துறைக்கும் பட்டணத்துக்குமாகத் தினம் ஓடுகிறவர் எடுக்கவேண்டாம். நான் அடுத்த தடவை லித்தியம் போட விலை கேட்டிருக்கிறேன். நிறை பாதிக்கும் குறைவு, ஆனால் பழைய சார்ஜர் அதற்குச் சரிவராது, அதையும் சேர்த்து மாற்றவேண்டுமாம். மாரி முடியட்டும் என்று விட்டிருக்கிறேன்.