எட்டுக் குளிர்காலம், பத்து நாள் ஐஸ்: என் கிளாப் ஸ்கேட்டும் கேமராவும்

2017 நவம்பரில் ஐஸில் வேகமாகச் சறுக்குவதற்கான பிளேடு வைத்த பூட்ஸ், கிளாப் ஸ்கேட், ஒரு ஜோடி வாங்கினேன், கூடவே சறுக்கும்போது படம் எடுக்க ஒரு சின்ன மிரர்லெஸ் கேமராவும். நான் இருப்பது நெதர்லாந்தில், ஊத்ரெக்ட் நகருக்கு வடக்கே, லோஸ்ட்ரெக்ட் ஏரிகளுக்குப் பக்கத்தில். எட்டுக் குளிர்காலம் போய்விட்டது, இரண்டும் இன்னும் நன்றாக உழைக்கின்றன. ஆனால் தானாக உறைந்த தண்ணீரில் நான் சறுக்கியது மொத்தம் பத்தே நாள்: 2018 மார்ச் தொடக்கத்தில் மூன்று, 2021 பிப்ரவரியில் ஐந்து, 2022 டிசம்பரில் இரண்டு. மற்றபடி எல்லாம் 400 மீட்டர் செயற்கை ஐஸ் தளத்தில்தான்.

முதலில் ஸ்கேட். பழைய வகையில் பிளேடு பூட்ஸோடு முன்னும் பின்னும் இறுக்கமாகப் பொருத்தியிருக்கும், குதிகாலைத் தூக்கினால் பிளேடின் முனை ஐஸைக் குத்தும். கிளாப் ஸ்கேட்டில் முன்பக்கம் மட்டும் ஒரு கீல். குதிகால் எழும்பினாலும் பிளேடு முழுக்க ஐஸிலேயே கிடக்கும், கடைசி உந்து வரைக்கும் விசை வீணாகாது, அப்புறம் ஸ்பிரிங் இழுத்து ‘டக்’ என்று மூடிக்கொள்ளும். இதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஆம்ஸ்டர்டாம் ஃப்ரய் பல்கலைக்கழகத்து கெரிட் யான் ஃபான் இங்கன் ஸ்கேனோ. 1996-97 பருவத்தில் டச்சு வீராங்கனைகள் இதைப் போட்டுக்கொண்டு வெல்லத் தொடங்கினார்கள், 1998 நாகானோ ஒலிம்பிக்கில் கிட்டத்தட்ட எல்லாருடைய காலிலும் இதுதான்.

தளத்தில் இதற்கு ஈடே இல்லை, வளைவிலிருந்து வெளியே வரும்போது அந்த உந்து முதுகு வரை தெரியும். ஏரியில் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இயற்கை ஐஸில் நீளவாக்கில் விரிசல் ஓடும், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகமான அகலமுள்ள பிளேடு அதற்குள் இறங்கினால் ஆள் முன்னால் விழுவதைத் தவிர வழியில்லை. 2021இல் நான் அப்படி விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டேன். கீலுக்குள் ஈரமான ஐஸ் பொடி புகுந்து உறைந்தும் போகும். ஏரியில் வளர்ந்த ஊர்ப் பெரியவர்கள் பலர் இன்றும் கீல் இல்லாத பழையதைத்தான் போடுகிறார்கள், அவர்கள் செய்வது சரி. நாலாவது வருடம் ஒரு ஸ்பிரிங் உடைந்தது, மாற்றச் செலவு அதிகமில்லை. சாணை பிடிக்க நானே கற்றுக்கொண்டேன்: இரண்டு பிளேடையும் ஒரே தாங்கியில் இணையாகப் பூட்டிக் கல்லால் தேய்த்து, ஓரத்தில் எழும்பும் பிசிறைத் தனிக் கல்லால் எடுத்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் துடைத்துவிடுங்கள். ஈரத்தோடு உறைக்குள் போட்டால் ஒரே இரவில் துரு.

கேமராவில் எனக்கு அதிகம் பாடம் சொன்னது குளிர்தான். பேட்டரி பாதி நேரம்கூட நிற்காது, அதனால் மாற்று பேட்டரியை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டிலேயே வைத்திருப்பேன். வெளியிலிருந்து திரும்பினால் கேமராவை உடனே எடுக்கக் கூடாது. பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி இரண்டு மணி நேரம் விட்டால்தான் லென்ஸுக்குள் ஈரம் கோக்காது. பனி மூடிய ஐஸ் படத்தில் சாம்பலாக வரும், வெளிச்ச அளவை ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, கூட்டுங்கள். கறுப்பு ஐஸ் என்று டச்சுக்காரர்கள் சொல்லும் பளிங்கு போன்ற ஐஸுக்கு லென்ஸ் முன்னால் மாட்டும் ஒரு போலரைசர் வடிகட்டி போதும்: மேலே வானத்தின் பளபளப்பு விலகி, உள்ளே அடுக்கடுக்காக நின்றுபோன குமிழிகளும் அடியில் வளைந்து கிடக்கும் பாசியும் தெரியும், அதைப் பார்த்த முதல் நாள் நான் சறுக்குவதையே மறந்து ஒரு மணி நேரம் குப்புறப் படுத்துக் கிடந்தேன். ஓடும் ஆளுக்குச் சமமாக நாமும் பக்கத்தில் சறுக்கிக்கொண்டே 1/40 நொடியில் எடுத்தால் ஆள் தெளிவாக நிற்பார், பின்னால் நாணல் கோடு கோடாக ஓடும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஐஸ் நடுவில் உறையாத ஒரு வட்டம் இருந்தால் அங்கே நாமக்கோழிகளும் வாத்துகளும் நெருக்கியடித்து நிற்கும். படம் அழகாகத்தான் வரும், ஆனாலும் பக்கத்தில் போகாதீர்கள். ஐஸ் அங்கே மெல்லியது என்பது ஒரு காரணம். அந்தப் பறவைகளுக்குத் தீனி இல்லாத நாள் அது, பயந்து ஒருமுறை பறந்தாலே உடம்பில் மிச்சமிருக்கும் சூடு செலவாகிறது என்பது எனக்கு அதைவிடப் பெரிய காரணம். தூரத்தில் நின்று எடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இனி மனதை அரிக்கும் விஷயம். வடக்கே ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில், இயற்கை ஐஸில் பதினோரு ஊர்களைச் சுற்றிவரும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஸ்கேட்டிங் பந்தயமான எல்ஃப்ஸ்டேடன்டோக்ட் கடைசியாக நடந்தது 1997 ஜனவரி 4. வழியெல்லாம் 15 சென்டிமீட்டர் ஐஸ் வேண்டும். 2012 பிப்ரவரியில் நாடே காத்திருந்தது, சில இடங்களில் கனம் போதாமல் கைவிட்டார்கள். இதற்கு முந்தைய நீண்ட இடைவெளி 1963 முதல் 1985 வரை, 22 வருடம். அதையும் தாண்டிவிட்டோம். இந்த நாடு 1901இல் இருந்ததைவிட இப்போது 2 டிகிரிக்கு மேல் சூடு. பல டச்சுக்காரர்கள் ஜனவரியில் ஆஸ்திரியாவின் வைசென்சே ஏரிக்குப் போய் அந்த 200 கிலோமீட்டரை முடிக்கிறார்கள். என்னையும் இரண்டு முறை கூப்பிட்டார்கள். வெப்பத்தால் போன ஐஸைத் தேடி ஆயிரம் கிலோமீட்டர் கார் ஓட்டிப் போக எனக்கு மனசு வரவில்லை, போகிறவர்களைக் குறை சொல்லவும் வரவில்லை. செயற்கைத் தளத்தைக் குளிர்விக்கவும் மின்சாரம்தான் எரிகிறது என்பது தெரிந்தே வாரம் இரண்டு நாள் சைக்கிளில் அங்கே போகிறேன்.

கேமரா வாங்கியதிலிருந்து ஒவ்வொரு புத்தாண்டுக் காலையிலும் வீட்டுக்குப் பின்னாலுள்ள கால்வாயை ஒரே பாலத்தில் நின்று ஒரே கோணத்தில் எடுத்து வருகிறேன். 2018 முதல் 2025 வரை எட்டுப் படம். எட்டிலும் தண்ணீர்தான். 2022 டிசம்பர் நடுவில் அந்தப் பாலத்துக்குப் பக்கத்தில்தான் சறுக்கினேன், இரண்டே வாரத்தில், 2023 புத்தாண்டன்று, ஜாக்கெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் போட்டுவிட்டுப் படம் எடுத்தேன்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பக்கத்தில் தளம் இருந்தால் வாங்குங்கள், ஆனால் புதிது வேண்டாம். நல்ல ஸ்கேட்டுகள் பரணில் தூங்குகின்றன, பழைய பொருள் விற்கும் இடங்களில் ஒவ்வொரு வருடமும் கூடுதலாக வருகின்றன. பூட்ஸ் குதிகாலில் கச்சிதமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பிளேடை நான் சாணை பிடித்துத் தருகிறேன்.