கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டிக்கு: ஸ்கூட்டியா, மின்சார ரயிலா?

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதலில் தண்ணீரைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்த கேள்வி, "ஆபீசுக்கு எப்படிப் போறீங்க?" கூடுவாஞ்சேரியில் வீடு, கிண்டி தொழிற்பேட்டையில் வேலை என்று இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வரும். ஸ்கூட்டியில் போயிருக்கிறேன், பேருந்தில் போயிருக்கிறேன், மெட்ரோவைச் சேர்த்தும் பார்த்துவிட்டேன். இரண்டு வருடத்துக்கு மேலாக மின்சார ரயில்தான், இனி மாற்றுவதாகவும் இல்லை. ஆகவே இது நடுநிலை ஒப்பீடு இல்லை, ரயில் பக்கம் சாய்ந்ததுதான்.

தூரத்தில் வித்தியாசம் கிடையாது. சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலையும் தண்டவாளமும் பெரும்பாலும் ஒட்டியே போகின்றன. எதில் போனாலும் கிண்டிக்குச் சுமார் 27 கி.மீ.

செலவிலும் விவாதம் இல்லை. சென்னையில் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி வெகுநாள் ஆகிறது. லிட்டருக்கு 45 கி.மீ. கொடுக்கும் ஸ்கூட்டியில் தினமும் போய்வர ஒரு லிட்டருக்கு மேல் பிடிக்கும். மாதம் 25 நாள் வேலை என்றால் பெட்ரோலுக்கு மட்டும் 3,000 ரூபாய். ஆயில், டயர், பிரேக் ஷூ, சர்வீஸ் எல்லாம் தனி. ரயிலில் இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட்டோ, ஸ்கூட்டிக்கு ஒரு முறை டேங்க் நிரப்பும் பணத்துக்குள் முடிந்துவிடுகிறது. மூன்று மாத சீசனாக எடுத்தால் 2.7 மாதக் காசுதான்.

நேரத்தைத்தான் பலரும் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். காலை ஆறரைக்குக் கிளம்பினால் ஸ்கூட்டியில் ஐம்பது நிமிடத்தில் கிண்டி. ரயிலில் கூடுவாஞ்சேரி ஸ்டேஷனிலிருந்து கிண்டிக்கு முக்கால் மணி நேரம். இந்தப் பக்கம் வீட்டிலிருந்து ஸ்டேஷன், அந்தப் பக்கம் ஸ்டேஷனிலிருந்து தொழிற்பேட்டைக்கு நடை, நடைமேடையில் நிற்பது எல்லாம் சேர்த்தால் ஒன்றேகால் மணி. இதைப் பார்த்துவிட்டு "ஸ்கூட்டிதான் சீக்கிரம்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவர்கள் சொல்வது நல்ல நாளின் காலை நேரத்தை. நான் பார்க்கச் சொல்வது மோசமான நாளின் சாயங்காலத்தை.

சாயங்காலம் நாம் வீடு திரும்பும் திசையும், தென் மாவட்டத்துக்காரர்கள் ஊருக்குப் போகும் திசையும் ஒன்று. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு மேல் கத்திப்பாரா தாண்டியதிலிருந்தே தெரியும். குரோம்பேட்டையில் ஊர்ந்து, தாம்பரத்தில் நின்று, பெருங்களத்தூர் வருவதற்குள் இடது கை கிளட்சைப் பிடித்தே மரத்துப்போகும் என்பார்கள் கியர் வண்டிக்காரர்கள். ஸ்கூட்டியில் கிளட்ச் இல்லை, ஆனால் இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின் வெளியூர்ப் பேருந்துகளும் அவற்றைப் பிடிக்கப் போகிறவர்களும் வண்டலூர் தாண்டி, அதாவது நம் வழியிலேயே, வந்து சேர்கிறார்கள். பொங்கல், தீபாவளி, ஆயுத பூஜைக்கு முந்தின நாள்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் சாலையில் தண்ணீர் நின்றால் வெள்ளி, திங்கள் என்ற பேதமும் போய்விடும். சாதாரண நாளில் ஒன்றேகால் மணியில் வந்த அதே சாலையில் இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கிறது. எந்த நாள் எது என்று கிண்டியில் ஹெல்மெட் மாட்டும்போது தெரியாது.

என் பெண்ணை ஆபீஸ் முடியும்வரை வைத்துக்கொள்ளும் காப்பகத்தில் ஏழு மணிக்குக் கதவைச் சாத்துவார்கள். நடத்தும் அக்கா நல்லவர். "பரவால்லம்மா, பதறாம வா" என்றுதான் போனில் சொல்வார். ஆனால் அவருக்கும் வீட்டில் உலை வைக்க வேண்டும். நான் போய்ச் சேரும்போது என் பெண் ஷூ போட்டு, பையை முதுகில் மாட்டி, வாசல் படியில் தயாராக உட்கார்ந்திருப்பாள். மற்ற பிள்ளைகள் எல்லாரும் போயிருப்பார்கள். பத்து நிமிடம் முன்னால் போகிறோமா பின்னால் போகிறோமா என்பது எனக்கு முக்கியமே இல்லை. எத்தனை மணிக்கு வருவேன் என்று காலையிலேயே சொல்ல முடிய வேண்டும். ரயிலில் சொல்ல முடிகிறது. நான் ரயிலுக்கு மாறக் காரணம் இந்த ஒன்றுதான், பணம் இல்லை.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தாம்பரத்துக்குச் சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கும் நம் பக்கம் இருப்பவர்களுக்கும் ரயில் வசதி ஒரே மாதிரி இல்லை. குரோம்பேட்டை, பல்லாவரம்காரர்கள் நேரமே பார்க்க வேண்டாம், நெரிசல் நேரத்தில் அடுத்தடுத்து ரயில் வரும். அவற்றில் பாதிக்கு மேல் தாம்பரத்தோடு நின்றுவிடும். நமக்கு வேண்டியது செங்கல்பட்டு ரயில். அதை விட்டால் அடுத்ததற்கு இருபது நிமிடமோ அரை மணியோ ஆகலாம். ஆகவே செங்கல்பட்டு வண்டிகளின் நேரத்தை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸில் எழுந்திருக்கும் நேரத்தை அதற்கேற்ப வையுங்கள். அவசரப்பட்டுத் தாம்பரம் ரயிலில் ஏறினால், அங்கே இறங்கி, நடைமேடை மாறி, ஏற்கெனவே நிரம்பி வரும் செங்கல்பட்டு ரயிலில் தொற்ற வேண்டியிருக்கும்.

கூட்டம் உண்டு, மறைக்கவில்லை. காலையில் கூடுவாஞ்சேரியில் சில நாள் உட்கார இடம் கிடைக்கும், தாம்பரத்தில் அது முடிந்துவிடும். கிண்டியில் இறங்கினால் நடைமேம்பாலப் படியில் அடி அடியாக நகர்ந்துதான் வெளியே வர முடியும். ஆனாலும் மகளிர் பெட்டி இருப்பது பெரிய நிம்மதி. சாயங்காலம் மீனம்பாக்கம் தாண்டினால் ஒருவர் மடியில் கீரையை ஆய்ந்து தண்டைத் தனியாக ஒரு கவரில் போடுவார். எதிர் சீட்டில் பூண்டு உரியும். கிளிப், சேப்டி பின் விற்கும் பாட்டி கூட்டத்துக்குள் நுழைந்து நுழைந்து போவார். சாலையில் அந்த நேரம் முழுவதும் லாரியின் பின்பக்கத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அது எனக்கு ஓய்வு நேரம்.

ரயில் காலை வாரும் நாள்களும் உண்டு. 2024 ஆகஸ்டில் தாம்பரம் யார்டு சீரமைப்புக்காக மின்சார ரயில்கள் பலவற்றை ரத்து செய்தபோது எல்லோரும் சாலைக்கு வந்தோம். சில ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்புக்காகச் சில ரயில்களை நிறுத்துவதும் உண்டு. ஆனால் இவை முன்கூட்டியே அறிவித்து நடப்பவை. முதல் நாளே பேப்பரில் வந்துவிடும், வீட்டில் ஏற்பாடு செய்துகொள்ளலாம். சிக்னல் கோளாறு போல் சொல்லாமல் வருவது எப்போதாவதுதான்.

மெட்ரோ எனக்கு உதவவில்லை. அது விமான நிலையத்தில்தான் தொடங்குகிறது. அதுவரை ஜி.எஸ்.டி. சாலையின் சிக்கலான பகுதி முழுவதையும் ஸ்கூட்டியில் கடந்துவிட்டு, மிச்சமிருக்கும் நான்கு ஸ்டேஷனுக்கு நிழலில் போவதில் என்ன லாபம்? கிளாம்பாக்கம் வரை நீட்டிக்கும் திட்டம் நிறைவேறினால் கணக்கு மாறும். அண்ணா சாலையில் ஆபீஸ் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வழி சொல்வேன்: கிண்டி வரை ரயில், அங்கே மெட்ரோவுக்கு மாறி நந்தனம், தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு. இரண்டு ஸ்டேஷனும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. என் தோழி அப்படித்தான் போகிறாள், குறை சொல்லிக் கேட்டதில்லை.

பேருந்தில் நான் சில வாரம்தான் போனேன், அதனால் அடித்துப் பேச மாட்டேன். 2021 மே முதல் மாநகரச் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகும் எத்தனையோ பேருக்கு அது மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு. கூடுவாஞ்சேரியிலிருந்து தி.நகர் போகும் ஜி18 நேராகக் கிண்டி வழியாகத்தான் போகும், மாற வேண்டியதில்லை. ஆனால் அதுவும் அதே சாலையில்தான் நிற்கிறது.

2025 ஏப்ரலில் வந்த ஏ.சி. மின்சார ரயிலில் வெயில் காலத்தில் போயிருக்கிறேன். சுகமாகத்தான் இருந்தது. குறைந்தபட்சக் கட்டணமே 35 ரூபாய், ஓடும் நடைகளும் குறைவு. உங்கள் நேரத்துக்கு ஒன்று அமைந்தால் பார்க்கலாம்.

ரயில் ஒத்துவராதவர்களும் உண்டு. சிறுசேரி, கேளம்பாக்கம் பக்கம் வேலை என்றால் வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் பைக்கோ கம்பெனி பஸ்ஸோதான் சரி. வேலை முடிய ராத்திரி பத்து, பதினொன்று ஆகிறவர்களுக்கும் ரயிலைச் சொல்லத் தயங்குவேன். அந்த நேரத்தில் மகளிர் பெட்டி காலியாக வரும், நானாக இருந்தால் பொதுப் பெட்டியில்தான் ஏறுவேன்.

இந்தப் பக்கம் இனிமேல்தான் வீடு பார்க்கப் போகிறீர்கள் என்றால், "ஜி.எஸ்.டி. சாலைக்கு அஞ்சு நிமிஷம்" என்று புரோக்கர் சொல்வதை விட்டுவிட்டு, ஸ்டேஷனுக்கு எவ்வளவு தூரம், நடுவில் அந்தச் சாலையைக் கடக்க வேண்டுமா என்று கேளுங்கள். வாரநாளில் காலை எட்டு மணிக்கு ஒரு முறை அந்த வீட்டு வாசலிலிருந்து நடைமேடை வரை நடந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.