மேத்கேட்: மேட்ரிக்ஸ் விடைக்குப் பெயர் கொடுக்க லுக்அப்பா, விலுக்அப்பா, மேட்சா?

மேத்கேட் என்ற பொறியியல் கணக்கு மென்பொருளில் டிரஸ் (கம்பிகள் கோத்த சட்டகம்) கணக்கு முடிந்து, ஐந்து உறுப்புகளின் விசை ஒரு வெக்டரில், அதாவது ஒற்றை நிரல் பட்டியலில், நிற்கிறது: 12.4, −18.1, 15.7, −3.2, 15.7. எந்த உறுப்பு அதிக விசை தாங்குகிறது என்று பெயரோடு சொல்ல வேண்டும். எண்ணைப் பார்த்துக் கையால் பெயரைத் தட்டினால், உள்ளீடு மாறியதும் அந்தப் பெயர் பொய்யாகிவிடும்.

ஒற்றை வெக்டருக்கு லுக்அப் போதும். லுக்அப்(மேக்ஸ்(விசை), விசை, பெயர்) என்று எழுதினால், விசை வெக்டரில் மிகப் பெரிய எண்ணைத் தேடி, பெயர் வெக்டரில் அதே இடத்தில் உள்ள பெயரைத் தரும். விசையும் பெயரும் ஒரே அளவில் இருக்க வேண்டும். விடை எப்போதும் வெக்டராகத்தான் வரும், மேலே 15.7 இரண்டு இடத்தில் இருப்பதால் இரண்டு பெயர் வரும். சமச்சீரான டிரஸ்ஸில் இது நல்லது. முதல் உறுப்பை மட்டும் உருவி எடுத்தால் இன்னொன்று அறிக்கையில் காணாமல் போகும்.

ஆனால் இங்கே பெரிய விசை −18.1 அல்லவா? மேக்ஸ் அதைக் கண்டுகொள்ளாது. தனிமதிப்பு (குறியை விட்ட அளவு) எடுக்கலாம் என்று மேத்கேட் 15-ல் வெக்டருக்கு இருபுறமும் கோடு போட்டால், கிடைப்பது வெக்டரின் நீளம், சுமார் 31.4. அந்த எண் பட்டியலிலேயே இல்லை. தேடல் பிழையில் முடியும். வெக்டரைஸ் குறியை மேலே போட்டால்தான் ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனியாகத் தனிமதிப்பு கிடைக்கும். அந்தப் புது வெக்டரிலேயே தேடுங்கள். திரையில் தெரியும் எண்ணைத் தட்டித் தேடவும் கூடாது: 15.7 என்று தெரிவது உள்ளே 15.6528 ஆக இருக்கலாம்.

விலுக்அப் எதிர்த்திசைக்கு உரியது. முதல் நிரலில் மட்டுமே தேடும். பெயர் முதல் நிரலில் இருந்தால், பெயரைக் கொடுத்து விசையை வாங்கலாம். விசையைக் கொடுத்துப் பெயரை வாங்க அட்டவணையையே திருப்பி அடுக்க வேண்டும். விசையும் திருப்புத்திறனும் ஒரே மேட்ரிக்ஸில் இருந்தால் மேத்கேட் 15 அலகு மோதல் என்று நிறுத்திவிடும், அதற்குப் பின் வந்த மேத்கேட் பிரைம் ஏற்றுக்கொள்ளும். எச்லுக்அப் இதையே முதல் வரிசையில் செய்வது.

வரிசைக்கு உறுப்பு, நிரலுக்கு லோட் காம்பினேஷன் (சுமைகளின் சேர்க்கை) என்று இருபரிமாண விடை வந்தால் என் தேர்வு மேட்ச். லுக்அப்பில் இதைச் செய்ய அதே அளவில் பெயர் மேட்ரிக்ஸ் ஒன்று கட்ட வேண்டும், வீண் வேலை. மேட்ச் இடத்தைத் தருகிறது: ஒவ்வொரு பொருத்தத்துக்கும் வரிசை எண், நிரல் எண் கொண்ட ஒரு ஜோடி. முதல் எண்ணை உறுப்புப் பெயர் வெக்டரிலும் இரண்டாவதை காம்பினேஷன் பெயர் வெக்டரிலும் போட்டால் இரண்டு பெயரும் கைக்கு வரும்.

வரிசை, நிரல் எண்கள் எதிலிருந்து தொடங்கும் என்பதைச் சொல்லும் ஆரிஜின் இயல்பாக 0. யாராவது அதை 1 ஆக்கினால், ஜோடியைப் பிரிக்க நீங்கள் எழுதிய 0, 1 இரண்டும் தவறும். விலுக்அப்பின் நிரல் எண்ணும் நகரும். வெறும் எண்ணுக்குப் பதில் ஆரிஜின், ஆரிஜின்+1 என்றே எழுதுங்கள். பெயரைத் தேடும்போது கடைசியில் ஒட்டிய ஒரு வெற்றிடம்கூடப் பொருத்தத்தைக் கெடுக்கும். பொருந்தாதபோது கணக்கு நின்றுவிடாமலிருக்க, பிழை வந்தால் மாற்று விடை தரும் ஆன் எரர் கட்டளையை வைத்து "பெயர் இல்லை" என்ற சொற்சரத்தைத் திருப்பினால் போதும். 0 திருப்பினால் அதையும் விடை என்று அடுத்த வரி எடுத்துக்கொள்ளும்.