ஆடாதோடை மணப்பாகு: சளிக்குக் கைகொடுக்கும், இரைப்புக்கு நம்ப வேண்டாம்

நாள்பட்ட இருமலும் இரைப்பும் உள்ளவர்கள் தேடி வாங்கும் மூலிகை மருந்துகளில் ஆடாதோடை மணப்பாகு என்ற இலைச் சிரப் முன்வரிசையில் நிற்கிறது. அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல. இலையின் கசப்புக்குள் இருக்கும் வாசிசின் என்ற தாவர வேதிப்பொருளை (ஆல்கலாய்டு) முன்மாதிரியாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்து உருவாக்கப்பட்டது. புரோம்ஹெக்சின் உடலுக்குள் சிதையும்போது கிடைக்கும் பொருள்தான் அம்ப்ராக்சால். ஆங்கில மருந்தில் சளி இளக்கும் சிரப் பலவற்றில் இவற்றில் ஒன்று இருக்கும். ஏற்கெனவே அதைக் குடிப்பவர் மணப்பாகையும் சேர்த்துக் குடித்தால், ஒரே வேலைக்கு இரண்டு ஆள் வைத்த கதைதான்.

கெட்டிச் சளி நெஞ்சில் ஒட்டிக்கொண்டு, காலையில் எழுந்ததும் இருமி இருமிக் களைப்பவருக்கு இது ஓரளவு உதவும். வெந்நீரில் கலந்து குடித்தால் இன்னும் நல்லது. வெந்நீருக்கும் அதில் பங்கு உண்டு. சளியே இல்லாத வறட்டு இருமலுக்கு இதில் பெரிதாக எதிர்பார்க்க ஒன்றுமில்லை. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் இறுகி, விசில் சத்தம் கேட்கும் நேரத்தில் பாட்டிலைத் தேடுவதுதான் பெரிய தவறு. சால்பியூட்டமால் இன்ஹேலர் சில நிமிடங்களில் குழாயை விரிக்கும்; மணப்பாகுக்கு அந்த வேகம் இல்லை. தினமும் இழுக்கச் சொன்ன ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்திவிட்டு இதற்கு மாறினால் முதல் சில நாள் ஒன்றும் தெரியாது. மூச்சுக்குழாயின் வீக்கம் மெல்லத் திரும்பும், திடீரென்று ஒரு ராத்திரி மூச்சு அடைக்கும்.

இனி பாட்டிலுக்கு வருவோம். மணப்பாகு என்பது மூலிகைச் சாறோ கஷாயமோ சர்க்கரையோடு சேர்த்துப் பாகுபதத்துக்குக் காய்ச்சியது. பதம்தான் இதன் உயிர். குறைவாகக் காய்ச்சினால் நீர்த்துப்போய், புளித்த வாடையும் மேலே பூஞ்சையும் வரும். மூடியைத் திறக்கும்போது காற்று சீறினால் குடிக்காதீர்கள். அதிகம் காய்ச்சினால் அடியில் கற்கண்டுபோல் உறையும். அது கெட்டதல்ல, ஆனால் அளவு சரியாக வராது. கசப்பே தெரியாமல் வெறும் இனிப்பாக இருந்தால் அதில் இலை எவ்வளவு சேர்ந்தது என்று சந்தேகப்படலாம். லேபிளில் 10 மி.லி.க்கு எத்தனை கிராம் இலை என்று எழுதாத பாட்டிலை வாங்காமல் திருப்பி வைத்துவிடுங்கள்.

சர்க்கரையை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. பாகில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை என்று வைத்தால், 10 மி.லி.யில் 8 முதல் 9 கிராம் இருக்கும். வேளைக்கு 10 மி.லி. வீதம் இரண்டு வேளை என்றால் மூன்றரை தேக்கரண்டிக்கும் மேல். நீரிழிவு உள்ளவருக்கு, கஷாயம் வைப்பதற்கான தூளான குடிநீர்ச் சூரணமே பொருத்தம்: 200 மி.லி. தண்ணீரில் பொட்டலத்தில் சொன்ன அளவு தூளைப் போட்டு, சிறு தீயில் 50 மி.லி.யாக வற்றவைத்து, வடிகட்டி, அன்றன்றைக்கே குடிக்க வேண்டும். மறுநாளைக்கு எடுத்து வைத்தால் ஊசிப்போகும்.

வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது. கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

கூட்டு மருந்து என்றால் லேபிளை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். திப்பிலி, மிளகு சேர்ந்தவற்றில் பைப்பரின் என்ற காரப் பொருள் உண்டு. அது, இரைப்புக்குத் தரும் தியோபிலின் மாத்திரை ரத்தத்தில் ஏறும் அளவைக் கூட்டும். தியோபிலினில் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறைவு. படபடப்பு, வாந்தி, கை நடுக்கம் வந்தால் முதலில் இந்தச் சேர்க்கையைச் சந்தேகியுங்கள். அதிமதுரம் தொண்டைக்கு இதம்தான். ஆனால் நாள்கணக்கில் எடுத்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கும். சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் சால்பியூட்டமாலும் பொட்டாசியத்தை இறக்குபவைதான். மூன்றும் ஒன்றுசேர்ந்தால் தசை சோர்ந்து இதயத் துடிப்பு தடுமாறலாம். யூகலிப்டஸ் தைலத்தை உள்ளே குடிப்பது விஷம். ஆவி பிடித்தாலும் அந்த நெடியே சில ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பைக் கிளப்பிவிடும்.

இருமும்போது ரத்தம் வருவதற்கும் ஆடாதோடையைச் சொல்வது பழைய வழக்கம். பொறி அங்கேதான் இருக்கிறது. ரத்தம், மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரண்டு வாரம் தாண்டிய இருமல், இவற்றில் எது இருந்தாலும் முதலில் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும். காசநோய் இல்லை என்று தெரிந்த பிறகு மணப்பாகு.

லேபிளே இல்லாமல் கையில் மடித்துத் தரும் இரைப்புப் பொடிக்கும் இந்த மணப்பாகுக்கும் சம்பந்தமில்லை. இரண்டே நாளில் இரைப்பு மாயமாகி, பசி அகோரமாக எடுத்து, சில வாரத்தில் முகம் உப்பி, சர்க்கரை ஏறினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். உடல் தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்திருக்கும். பொட்டலத்தோடு மருத்துவரிடம் போய், அவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.