நான்காவது சுவிட்ச்: ஸ்டாக்கில் சேர்ப்பதா, தனியே விடுவதா?

எங்கள் மூன்றாம் மாடி ரேக்கில் மூன்று சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9200எல் சுவிட்சுகள் (கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டிகள்) ஒரே ஸ்டாக்காக, அதாவது தனிக் கேபிள்களால் வளையமாகக் கோத்து ஒரே சுவிட்ச் போல இயங்கும் அடுக்காக, ஓடிக்கொண்டிருந்தன. 144 போர்ட்டுகளில் 141 நிரம்பிவிட்ட வாரத்தில்தான் புதிதாக முப்பது மேசைகள் வருவதாகத் தகவல் வந்தது. அதே மாதிரியில் 48 போர்ட் சுவிட்ச் ஒன்று வாங்குவதில் யாருக்கும் தகராறு இல்லை. வந்ததை ஸ்டாக்கின் நான்காவது உறுப்பாக்குவதா, தனி சுவிட்சாக வைத்து இரண்டு 10 ஜிகாபிட் கேபிள்களால் ஸ்டாக்கோடு பிணைப்பதா என்பதில்தான் எனக்கும் உடன் பணிபுரியும் நண்பருக்கும் இரண்டு நாள் வாக்குவாதம். ஸ்டாக்கில் சேர்த்தேன். ஆறு மாதம் ஆகிறது. இன்றும் அதே கட்சிதான்.

வேகத்தை வைத்து இதை முடிவு செய்ய வேண்டாம். 9200எல் ஸ்டாக் பாதை 80 ஜிகாபிட், தனி இணைப்பு 20 ஜிகாபிட். மின்னஞ்சலும் காணொளிக் கூட்டமும் நடத்தும் மேசைகளுக்கு இருபதே தாராளம். செலவும் அப்படித்தான்: ஒரு பக்கம் ஸ்டாக் கிட்டை (சுவிட்சுகளைக் கோக்கும் அடாப்டர், கேபிள் தொகுப்பு) தனியே வாங்க வேண்டும், மறு பக்கம் 10 ஜிகாபிட் கேபிள்களை.

என்னை ஒரு பக்கம் சாய்த்தது பராமரிப்பு. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஆவண அறைக் கோப்புகளுக்குப் பின்னால் ஒரு தனி சுவிட்ச் இருந்தது. 'தற்காலிகமாக' வைத்ததாம். அதன் கடவுச்சொல் தெரிந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். மென்பொருள் ஐந்து வருடப் பழையது. மற்ற சுவிட்சுகளில் தொலைபேசிகளுக்காகப் புதிய விலான் (ஒரே நெட்வொர்க்குக்குள் பிரித்த தனிப் பிரிவு) சேர்த்தபோது, இதன் டிரங்க்கில், அதாவது பல விலான்களைச் சுமக்கும் இணைப்பில், அதைச் சேர்க்க யாருக்கும் நினைவில்லை; அந்த அறைத் தொலைபேசிகள் மட்டும் ஊமையாக நின்றன. காரணம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போனது.

ஸ்டாக்கில் சேர்ந்த சுவிட்சை இப்படி மறக்க முடியாது. ஒரே ஐபி முகவரி, ஒரே கான்ஃபிகரேஷன் (அமைப்பு விவரங்கள்), ஒரே காப்புப் பிரதி. மென்பொருளை மேம்படுத்தும்போது ஒரே கட்டளையில் நான்குக்கும் போய்ச் சேர்கிறது. பதிப்பு வேறாக இருந்தால் புதிய உறுப்பை ஸ்டாக் ஏற்காமல் ஒதுக்கியே வைக்கும். அப்போது எரிச்சலாக இருக்கும். ஆனால் ஒன்று மட்டும் சத்தமில்லாமல் பழசாகிக் கிடக்க வழியில்லை. இரண்டே பேர் பார்த்துக்கொள்ளும் நெட்வொர்க்கில் இந்தக் கண்டிப்பு எனக்குப் பெரிய துணை.

நண்பரின் வாதத்திலும் நியாயம் உண்டு. ஸ்டாக்கை மேம்படுத்தினால் நான்கும் சேர்ந்தே ரீபூட் ஆகும். தனி சுவிட்ச் என்றால் ஒவ்வொன்றாகச் செய்யலாம். எங்கள் அலுவலகம் இரவு எட்டுக்குப் பூட்டப்படுகிறது, ஆகவே எனக்கு வலிக்கவில்லை. இரவும் பகலும் இயங்கும் மருத்துவமனைத் தளம் என்றால் நானும் அவர் பக்கம் போயிருப்பேன். நான்குக்கு மேல் அடுக்கி நான் ஓட்டியதில்லை என்பதால், எட்டு வரை சேர்க்கலாம் என்று தயாரிப்பாளர் சொல்வதை வைத்துக்கொண்டு உங்களைத் தூண்டிவிடவும் மாட்டேன். புதிய ரேக் வேறு அறையில் இருந்தால் வாக்குவாதமே தேவையில்லை: ஸ்டாக் கேபிளின் அதிகபட்ச நீளம் 3 மீட்டர்.

சேர்க்கும் வேலையில் பயப்பட வேண்டிய இடம் ஒன்றுதான்: மின்சாரம். ஓடிக்கொண்டிருக்கும் சுவிட்சை ஸ்டாக்கில் செருகினால், இரண்டு ஸ்டாக்குகள் இணைவதாகவே அது எடுத்துக்கொள்ளும். ஸ்டாக்கை நடத்தும் தலைமைச் சுவிட்ச் எது என்று போட்டி நடக்கும், தோற்ற பக்கம் ரீபூட் ஆகும். அதைத் தீர்மானிக்கும் முன்னுரிமை எண் 1 முதல் 15 வரை; பெரிய எண்ணே வெல்லும். புதுச் சுவிட்சுக்கு 1 என்றே வரும். வேறு கிளையிலிருந்து கொண்டுவந்த பழைய சுவிட்சில் யாரோ 15 என்று வைத்திருந்தால், வந்தவனே வீட்டுக்காரனாகி, உங்கள் மூன்று சுவிட்சுகளும் அவனுடைய கான்ஃபிகரேஷனில் எழுந்து நிற்கக்கூடும்.

அதனால் புதியதை முதலில் என் மேசையிலேயே வைத்து ஓடவிட்டேன். ஸ்டாக்கில் இருக்கும் அதே பதிப்பை ஏற்றி, உரிம நிலையையும் ஒன்றாக்கி, கான்ஃபிகரேஷனைத் துடைத்துவிட்டு அணைத்தேன். பழைய ஸ்டாக்கில் முதல் சுவிட்சுக்கு 15, இரண்டாவதற்கு 14 என்று முன்னுரிமை கொடுத்தேன். பிறகு ரேக்கில் ஏற்றி, மூன்றாவதிலிருந்து முதலாவதற்குப் போகும் கேபிளை மட்டும் கழற்றினேன். வளையம் அறுந்தால் ஸ்டாக்கின் வேகம் பாதியாகும், போக்குவரத்து நிற்காது. ஒரே சமயத்தில் இரண்டு கேபிள்களைக் கழற்றினால்தான் ஸ்டாக் இரண்டாகப் பிளந்து, இரு துண்டுகளும் ஒரே ஐபி முகவரிக்கு உரிமை கொண்டாடும். மூன்றிலிருந்து நான்குக்கும் நான்கிலிருந்து ஒன்றுக்கும் கேபிள்களை இழுத்து இறுக்கிய பிறகே நான்காவதற்கு மின்சாரம் கொடுத்தேன். மற்ற மூன்றும் அசையவில்லை. காலியாக இருந்த 4 என்ற எண்ணைப் புதியது தானாக எடுத்துக்கொண்டது.

ஒரு சங்கடம் மிச்சமிருக்கிறது. 9200எல் தன் வரிசையோடுதான் சேரும். பெயரில் இவ்வளவு நெருங்கிய 9200-உடன்கூடச் சேராது. ஐந்தாவது தேவைப்படும்போது இந்த மாதிரி விற்பனையில் இல்லையென்றால், நண்பர் சொன்ன வழிதான் எனக்கும் வழி. அதற்காகவே உபரியாக ஒரு சுவிட்சும் கிட்டும் கேட்டுக் கோப்பு அனுப்பியிருக்கிறேன். "தேவையே இல்லாத பொருளை எதற்கு இப்போது வாங்க வேண்டும்?" என்ற குறிப்போடு அது இரண்டு முறை திரும்பி வந்திருக்கிறது.