ஊஞ்சல் இல்லாத தெரபி அறை: ஏழு மாத அனுபவம்

என் மகனுக்கு ஆறு வயது. சட்டைப் பொத்தான் போட வராது. பென்சிலை அழுத்தி அழுத்தி நுனியை உடைப்பான். சமதரையில் நடக்கும்போதே கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வான். பள்ளிக்குக் கிளம்பும் நேரம் வந்தால் காலரைக் கடித்தபடி தரையில் உட்கார்ந்து அழுவான். அடம் என்றுதான் நினைத்தேன், அதட்டியும் இருக்கிறேன். குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிக்கு, அதாவது அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சைக்கு, இப்போதைய இடத்தில் ஏழு மாதமாக அழைத்துப் போகிறேன். இதே தவிப்பில் இருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் சேர்த்திருந்தது வேறொரு இடத்தில். வலை ஊஞ்சல், பந்துக் குளம், கலர் விளக்கு, எடை வைத்துத் தைத்த மேல்சட்டை எல்லாம் உண்டு. பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு நாங்கள் வெளியே காத்திருக்க வேண்டும். "இன்னிக்கு நல்லா ஒத்துழைச்சான்" என்ற ஒரு வரிதான் ஒவ்வொரு முறையும் கிடைத்தது. அவனுக்கு அந்த ஊஞ்சல் பிடித்திருந்தது, அது உண்மை. ஐந்து மாதம் கழித்தும் பொத்தான் விஷயம் அப்படியே இருந்தது.

இப்போது போகும் தெரபிஸ்டின் அறையில் ஒரு மேசை, குட்டி நாற்காலிகள், விரிப்பு, அலமாரியில் சில பெட்டிகள். அவ்வளவுதான். முதல் நாள் என்னிடம் பேசுவதற்கு முன்னால் அவனிடம் கேட்டார்: "உனக்கு என்ன கத்துக்கணும்னு ஆசை?" சைக்கிள் என்றான். கொஞ்சம் தயங்கி, "சட்டை நானே போடணும்" என்றான். அந்தக் கேள்வியை நான் ஒரு நாளும் அவனிடம் கேட்டதில்லை.

அவன் சொன்னதையே இலக்காக எழுதினார். -2 முதல் +2 வரை ஐந்து படிகள் கொண்ட அளவுகோல். மனநலத் துறைக்காக 1968இல் கிரெசுக், ஷெர்மன் என்ற இருவர் உருவாக்கியது. ஒரு பொத்தானும் போட வராத அன்றைய நிலை -2. மூன்று பொத்தானைத் தானே போட்டால் 0, அதாவது எட்ட நினைத்த இலக்கு. ஆறு வாரத்தில் அசைவே இல்லையென்றால் வழியை மாற்றுவோம் என்று அப்போதே சொல்லிவிட்டார். எனக்கு நம்பிக்கை வந்தது அந்த வார்த்தையில்தான்.

பொத்தானைக் கடைசிப் படியிலிருந்து கற்றுத்தந்தார். முக்கால்வாசி துளைக்குள் அவரே தள்ளிவிடுவார். இழுத்து முடிப்பது மட்டும் இவன் வேலை. அதனால் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவன் இவனாகவே இருந்தான். பிறகு பாதி, பிறகு கால்வாசி என்று அவர் பங்கு குறைந்துகொண்டே வந்தது. மூன்றாம் வாரம் சிக்கியது. துணியைக் கசக்கிக்கொண்டு முகம் சிவந்தான். நான் கையை நீட்டப் போனேன். அவர் கண்ணாலேயே தடுத்தார். "எங்க மாட்டுதுன்னு பாரு." நெடுநேரம் விரல்களையே பார்த்தவன், "இந்தக் கை துணிய விட்டுடுது" என்றான். இடது கட்டைவிரலால் துளையின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டான். பொத்தான் உள்ளே போனது. இலக்கு, திட்டம், செய், சரிபார் என்று பிள்ளையே யோசிக்கப் பழக்கும் இந்த முறை கனடாவில் ஹெலீன் பொலட்டாய்கோவும் அவர் குழுவினரும் வளர்த்தெடுத்தது என்று பிறகு படித்தேன்.

அழுகைக்கு அவர் தந்தது ஒரு நோட்டு. அழுவதற்கு முன் என்ன நடந்தது, என்ன செய்தான், அதன் பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்று இரண்டு வாரம் எழுதச் சொன்னார். எழுதியதைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. பொத்தான் இல்லாத பனியன் போட்ட நாட்களில் ஒரு நாள்கூட அவன் அழவில்லை. நான் அடம் என்று சொன்னது இயலாமை. பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இப்படி உடல் ஒருங்கிணைப்பில் தடுமாற்றம் இருக்கிறதாம். சோம்பேறி, கவனமில்லாதவன் என்ற பெயரோடு எத்தனை பேர் வளர்கிறார்களோ.

ஊஞ்சலைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. அமெரிக்கத் தெரபிஸ்ட் ஜீன் ஏர்ஸ் அம்மையார் வகுத்த, தொடுதல், அசைவு போன்ற உணர்வுகள் வழியாகப் பழக்கும் புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சையில் அதற்கு இடம் உண்டு. ஆனால் அந்தச் சிகிச்சைக்கான ஆய்வுச் சான்றுகள் குறைவு, பலனை அளந்து பார்த்துக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் முயலுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2012லேயே சொல்லியிருக்கிறது. மூளை வாதம் (செரிப்ரல் பால்ஸி) உள்ள குழந்தைகளுக்கான சிகிச்சைகளை ஆஸ்திரேலிய ஆய்வாளர் அயோனா நோவாக்கின் குழு 2013இல் டிராஃபிக் சிக்னல் மாதிரி தரம் பிரித்தது. இலக்கு வைத்த பயிற்சியும் வீட்டுப் பயிற்சியும் பச்சையில், அதாவது பலன் தரும் என்ற வரிசையில், இருந்தன. என் மகனுக்கு இருப்பது வேறு பிரச்சினை என்றாலும், கற்க வேண்டிய வேலையையே செய்து பழகுவது என்ற வழி எங்களுக்கும் பொருந்தியது.

குறைகளும் உண்டு. முதல் அப்பாயின்ட்மென்ட்டுக்கு ரொம்ப நாள் காத்திருந்தோம். அறிக்கை முழுக்க மருத்துவப் பதங்கள். உட்கார்ந்து விளக்கச் சொல்லிக் கேட்டால்தான் புரிகிறது. வீட்டில் தினமும் பத்து நிமிடம் பயிற்சி கட்டாயம். வேலை முடித்து வந்து அதைச் செய்வது கஷ்டம். செய்யாத வாரம் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு தருவேன். வேறு இடம் பார்ப்பவர்கள் சேர்ப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இலக்கு என்ன, நான் உள்ளே உட்காரலாமா?

பொத்தானில் இப்போது +1. மேல் பொத்தான் மட்டும் பாக்கி. சைக்கிளில் பெடல்களைக் கழற்றி வைத்திருக்கிறோம். காலால் தள்ளித் தள்ளிப் போகிறான். நேற்று இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு வாசலிலிருந்து தெருமுனை வரை போனான். "அப்பா, பெடல் எப்ப மாட்டலாம்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.