சக பயணிகள் சொன்ன குறிப்புகள்: ஒன்பது வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. உள்ளங்கை அகலம்தான். அட்டை பிளந்துவிட்டதால் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன். ஒன்பது வருடமாகச் சக பயணிகள் சொன்ன குறிப்புகளை அதில்தான் எழுதி வருகிறேன். சொன்னவர்களில் நான் முகமே பார்த்திராதவர்களும் உண்டு, ஹாஸ்டலில் மேல் கட்டிலில் படுத்து, தலையைக் கீழே தொங்கப்போட்டுக்கொண்டு பேசியவர்களும் உண்டு. பயணம் முடிந்து வந்ததும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுவேன். பலித்தால் டிக், சொதப்பினால் பெருக்கல், இரண்டுங்கெட்டானாக இருந்தால் கேள்விக்குறி. போன் வாங்கி ஒரே வாரத்தில் விமர்சனம் எழுதுகிறார்கள். ஒன்பது வருடம் பயன்படுத்திய சரக்கைப் பற்றி நான் எழுதினால் தப்பில்லை என்று தோன்றியது.

யோசிக்காமல் டிக் போட்டதிலிருந்து தொடங்குகிறேன். வெளிநாட்டில் கார்டில் பணம் கட்டும்போது மெஷின் சில சமயம் ஒரு கேள்வி கேட்கும். உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா, இந்த நாட்டுப் பணத்திலா? நம் பணத்தில் பார்த்தால் கணக்கு புரியுமே என்று முதல் இரண்டு பயணங்களிலும் நம் பணத்தையே அழுத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண், "ஐயோ, அதை அழுத்தாதீங்க" என்று கிட்டத்தட்ட என் கையைப் பிடித்தே நிறுத்தினார். அப்படி அழுத்தினால் மாற்று விகிதத்தை நம் வங்கியோ கார்டு நிறுவனமோ போடாது. அந்த இடத்திலேயே வேறொரு நிறுவனம் தன் லாபத்தையும் சேர்த்துப் போட்டுவிடும். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், அங்கே 'மாற்றம் வேண்டாம்' என்ற பொத்தான் பெரும்பாலும் சின்னதாக ஓரத்தில் இருக்கும். சில இடங்களில் நம்மைக் கேட்காமல் கவுண்டரில் இருப்பவரே அழுத்திவிடுவார். அதனால் ரசீதில் எந்த நாட்டுப் பணம் என்று பார்க்காமல் கார்டைப் பைக்குள் வைப்பதில்லை. இத்தனை வருடத்தில் இந்த ஒரு குறிப்பு மிச்சம் பிடித்துக் கொடுத்தது போல வேறு எதுவும் கொடுக்கவில்லை.

அடுத்தது, எழுதி வைத்தும் செய்யாமல் விட்டது. பவர் பேங்கை செக்-இன் பையில் போடக்கூடாது, கையோடுதான் கொண்டுபோக வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு மேல் ஒரு கணக்கு இருக்கிறது என்று ஒரு புகைப்படக்காரர் சொன்னார். விமானத்தில் பார்ப்பது வாட்-அவர் கணக்கு. 100 வாட்-அவர் வரை அனுமதி கேட்க வேண்டாம், 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்கு மேல் கிடையாது. பவர் பேங்க் மேல் எழுதியிருக்கும் எம்ஏஎச் எண்ணை 1,000-ஆல் வகுத்து 3.7-ஆல் பெருக்கினால் வாட்-அவர் வந்துவிடும். 20,000 எம்ஏஎச் என்றால் 74, கவலையில்லை. 30,000 என்றால் 111, கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். கூடவே அவர் சொன்னது: "வாங்கின அன்னைக்கே அந்த எழுத்து மேல ஒரு செல்லோடேப் ஒட்டிடுங்க."

நான் ஒட்டவில்லை. மூன்று வருடம் பைக்குள் சாவியோடு உரசி, பவர் பேங்கின் முதுகில் இருந்த அச்சு நரைத்துவிட்டது. பாதுகாப்புச் சோதனையில் இருந்தவர் அதைத் தட்டிலிருந்து எடுத்தார், விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தார், விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். இருவரும் சேர்ந்து தலையாட்டினார்கள். வெறும் பத்தாயிரம்தான் என்று நான் சொல்லிப் பயனில்லை, எழுத்து இல்லாவிட்டால் அளவை நிரூபிக்க வழியில்லை. கூடைக்குள் அது விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இப்போது என் பவர் பேங்கில் டேப் இருக்கிறது. சொன்னவருக்கு டிக், எனக்குத்தான் பெருக்கல்.

லக்கேஜ் தொலைந்த கதை எல்லாரிடமும் இருக்கும், என்னுடையதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு விமான நிறுவனம் என் பையை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டது. பெல்ட் காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு குழந்தை வண்டி மட்டும் நாலாவது முறையாக வந்துபோனது. விடுதிக்குப் போய் நிதானமாகப் போன் பண்ணிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நோட்டில் இருந்தது ஞாபகம் வந்தது: "வெளியே போகாதே, அங்கேயே கவுண்டரில் எழுதிக் கொடு, எண் வாங்கு." வாங்கினேன். போர்டிங் பாஸோடு ஒட்டிக் கொடுக்கும் அந்தச் சின்னத் துண்டுச் சீட்டையும் பத்திரமாக வைத்திருந்தேன். பை இரண்டு நாள் கழித்து வந்தது, ஒரு சக்கரம் இல்லாமல்.

சர்வதேசப் பயணங்களுக்குப் பெரும்பாலும் பொருந்துவது 1999-இல் கையெழுத்தான மாண்ட்ரியல் ஒப்பந்தம். அதன்படி பை சேதமாகியிருந்தால் கையில் கிடைத்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், தாமதமாக வந்தால் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள். இதைச் சொன்னவர் எட்டாவது நாள் புகார் கொடுத்து ஏமாந்தவர். அவர் அந்த எட்டை அழுத்திச் சொன்னதால்தான் எனக்கு ஏழு மறக்கவில்லை. நான் மூன்றாவது நாளே எழுதிப் போட்டேன். சக்கரத்துக்கு ஈடு கிடைத்தது, நாலு மாதம் இழுத்தடித்தபின்.

அப்புறம் பெருக்கல் குறிகள். தப்பான குறிப்பைத் தருபவர்கள் பெரும்பாலும் பொய் சொல்பவர்கள் இல்லை. அவர்களுக்கு உண்மையாகவே பலித்திருக்கும், ஆனால் அவர்கள் நினைக்கிற காரணத்தால் பலித்திருக்காது.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் சுற்றிய ஒருவர் சொன்னார்: "தொண்ணூறு நாள் முடியப்போகுதுன்னா ஒரு நாள் வெளியே போயிட்டு வாங்க, கணக்கு மறுபடியும் ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கும்." அவர் மூன்று முறை அப்படிச் செய்தாராம், யாரும் கேட்கவில்லையாம். அத்தனை உறுதியாகச் சொன்னதால் நானும் பேனாவை எடுத்து எழுதிவிட்டேன். டிக்கெட் போடுவதற்கு முந்தின நாள், எதற்கும் இருக்கட்டும் என்று ஐரோப்பிய ஆணையம் இணையத்தில் வைத்திருக்கும் நாள் கணிப்பானில் என் தேதிகளைப் போட்டுப் பார்த்தேன். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. உள்ளே இருக்கிற எந்த நாளிலிருந்தும் பின்னோக்கி 180 நாளை எண்ணுவார்கள், அதற்குள் 90-ஐத் தாண்டக்கூடாது. நுழைந்த நாள், வெளியேறிய நாள் இரண்டும் கணக்கில் சேரும். ஒரு நாள் வெளியே போய்வந்தால் ஒரு நாள் மிச்சமாகலாம், அதற்கு மேல் எதுவும் மாறாது. பிற்பாடு அவருடைய பயணங்களை அவரையே சொல்லச் சொல்லிக் கூட்டிப் பார்த்தேன். எந்த 180 நாளிலும் அவர் எழுபதைத் தாண்டவே இல்லை. வெளியே போகாமலே இருந்திருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்!

மலைப் பயணத்தில் இது இன்னும் ஆபத்து. "நான் ஒரே மூச்சா மேலே போனேன், ஒண்ணுமே ஆகல" என்று சொல்பவர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் கிடைப்பார்கள். ஆனவர்கள் பலர் அந்தக் கதையைச் சொல்ல வருவதில்லை, பாதியில் இறங்கி வந்ததைப் பெருமையாகவா சொல்லிக்கொள்ள முடியும்? மலையேற்ற மருத்துவர்கள் சொல்வது தெளிவானது. 3,000 மீட்டருக்கு மேல் போனபின் இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் ஓய்வெடுக்க வேண்டும். தலைவலியும் குமட்டலும் வந்தால் அவை தெளியும்வரை மேலே ஏறக்கூடாது, மோசமானால் கீழே இறங்க வேண்டும். உடற்பயிற்சி செய்து திடமாக இருப்பவர்களையும் உயரத்தால் வரும் இந்த நோய் விடாது. நான் போன குழுவில் தினமும் ஓடுகிற பையன்தான் முதலில் சுருண்டான். எங்களுக்கு உதவியது ஒரு வயதான பயணியின் பேச்சு. தனக்கு எந்த உயரத்தில் தலைவலி வந்தது, வெளியே காட்டிக்கொள்ளாமல் எத்தனை மணி நேரம் நடந்தார், ஷூ லேஸ் கட்டத் தெரியாமல் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று அவர் விவரித்திருந்தார். அந்த ஷூ லேஸ்தான் எனக்குப் பொறி தட்டியது. பையன் பாட்டில் மூடியைத் திருகத் திணறியதைப் பார்த்ததுமே அவனை இறக்கிவிட்டோம்.

அதற்குப் பிறகு நோட்டில் எழுதும் விதத்தை மாற்றினேன். குறிப்புக்குக் கீழே இரண்டு விஷயம் கட்டாயம் இருக்கும்: அவர் எந்த வருடம் போனார், அவருக்கு என்ன கெட்டுப்போனது. இரண்டாவதைக் கேட்டால் சிலருக்கு முகம் மாறும், பரவாயில்லை. "ஒண்ணும் கெடல" என்றால் அந்தக் குறிப்பைப் பென்சிலில் எழுதுவேன்.

பென்சிலில் இருந்து ரப்பருக்குப் போனவை நிறைய. உலாவியில் மறைவு முறையில் (இன்காக்னிட்டோ) தேடினால் டிக்கெட் விலை குறையும் என்றார்கள். இருபது தடவையாவது இரண்டு ஜன்னலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பேன், எனக்கு ஒரே விலைதான் வந்தது. டிக்கெட் மலிவாக வரும் என்று, கடைசிப் பறப்பை விட்டுவிட்டு இடைநிறுத்த ஊரிலேயே இறங்கிக்கொள்ளும் தந்திரத்தை ஒருவர் ரகசியம் போலச் சொன்னார். செக்-இன் பை நமக்காக இடையில் இறங்காது என்பதை அவர் சொல்லவில்லை. நடுவில் ஒரு பறப்பை விட்டால் அதே டிக்கெட்டில் மீதி இருப்பதெல்லாம் ரத்தாகிவிடும் என்பதையும் சொல்லவில்லை. இதை இன்னொருவர் தன் திரும்பும் டிக்கெட்டை இழந்தபின் சொன்னார், அவருடையது பேனாவில் இருக்கிறது.

கேள்விக்குறி வாங்கியதில் எனக்குப் பிடித்தது மின்சாரக் குறிப்பு. "அடாப்டர் ஒண்ணு இருந்தா எங்கேயும் ஓட்டிடலாம்" என்பது போன், லேப்டாப் சார்ஜர்களுக்குச் சரிதான், அவற்றின் மேல் 100-240 வோல்ட் என்று எழுதியிருக்கும். நான் அதே நம்பிக்கையில் என் சின்ன கெட்டிலையும் எடுத்துப்போனேன். அது 220 வோல்ட்டுக்குச் செய்தது, போன நாட்டில் 110. மின்னழுத்தம் பாதியானால் சூடாக்கும் திறன் கால்வாசிதான் என்பது பள்ளியில் படித்ததுதானே! ஆனால் ஹாஸ்டல் சமையலறையில் முக்கால் மணி நேரம் கெட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் ஞாபகம் வந்தது. தண்ணீர் வெதுவெதுப்பானது, கொதிக்கவே இல்லை. சிரித்துக்கொண்டே கடந்துபோன ஒரு பெண் சொன்னார், அவர் செய்தது இதற்குத் தலைகீழாம்: 110-க்குச் செய்த முடி உலர்த்தியை 220-இல் செருகியிருக்கிறார், நீலமாகப் புகை வந்ததாம்.

சின்னச் சின்ன விஷயங்களில் சக பயணிகளை மிஞ்ச யாருமில்லை. துவைத்த துணியைக் காய்ந்த துண்டின் மேல் விரித்து, பாய் போலச் சுருட்டி, அதன் மேல் ஏறி நின்று மிதித்தால் ஈரத்தில் பாதி துண்டுக்குப் போய்விடும், இரவில் தொங்கவிட்டால் காலையில் போட்டுக்கொள்ளலாம். மூன்று செட் துணியோடு ஒரு மாதம் சுற்றியது இதனால்தான். ஜீன்ஸுக்கு மட்டும் பலிக்காது, ஜீன்ஸையே எடுத்துப்போவதில்லை. விடியற்காலையில் கிளம்புபவர்கள் பையை முந்தின இரவே கட்டிவிட வேண்டும், பிளாஸ்டிக் கவரில் எதையும் வைக்கக் கூடாது என்பது இன்னொன்று. நாலு மணிக்கு இருட்டில் கேட்கும் அந்தச் சரசரப்பை மன்னிக்கிற மனசு எனக்கு இன்னும் வரவில்லை.

நோட்டில் இப்போது நான் மற்றவர்களுக்குச் சொன்னதற்கும் ஒரு பக்கம் உண்டு. போன மாதம் முதல்முறையாக வெளிநாடு போன ஒரு தம்பிக்கு, விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் இரவுப் பேருந்தைப் பற்றி அத்தனை விவரமாக எழுதி அனுப்பினேன். எந்த வாசலில் நிற்கும், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் கடல் தெரியும் என்பதுவரை. "அண்ணா, அந்த பஸ் நின்னு ரெண்டு வருஷம் ஆச்சாம்" என்று நள்ளிரவு பன்னிரண்டரைக்குப் பதில் வந்தது. நான் அங்கே போனது எந்த வருடம் என்பதை அவனிடம் சொல்லவே இல்லை. என் பெயரிலேயே ஒரு பெருக்கல் போட்டுவிட்டு, அவனுக்கு டாக்சி கிடைத்ததா என்று கேட்டு எழுதினேன். கிடைத்துவிட்டது. கடல் தெரியவில்லையாம்.